கேப்டன் திரவியத்துக்கு வேர்த்த நாள்

எங்கள் ஊரில் எதுவும் மொறுமொறுப்பாக இருக்க முடியாது. காலையில் பொரித்த அப்பளம், மதியம் இலை போடுவதற்குள் ஈரத்துணி மாதிரி துவண்டு கிடக்கும். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் வீட்டிலிருக்கிற எல்லோரும் கூடி அங்கேயே தின்று முடித்துவிட வேண்டும். (தூத்துக்குடிக்காரர்கள் உபசரிப்பில் கெட்டிக்காரர்கள் என்று வெளியூரில் சொல்வார்கள். பாதி உபசரிப்பு, பாதி ஈரப்பதம்.) ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், நடுவில் நாங்கள். சைக்கிள் செயின் முதல் சாமி படம் மாட்டிய ஆணி வரை துருப்பிடிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, பழைய காமிக்ஸ் புத்தகங்களை அச்சாகி வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே பாதுகாக்கப் போகிறேன் என்று ஒருத்தி கிளம்பினால் அவளை என்ன சொல்வது? போதாக்குறைக்கு அவள் வேதியியல் பட்டதாரி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் தெரிந்தால் இன்னும் அசிங்கம்.

இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்த இடம் ஏரல். பள்ளி விடுமுறைக்கு அங்கே பெரியம்மா வீட்டுக்குப் போவேன். எதிரே ஒரு சலூன். காத்திருப்பவர்கள் புரட்ட பெஞ்சில் ஒரு கட்டு காமிக்ஸ் கிடக்கும். ‘ஏழாம் நங்கூரம்’ என்று ஒரு தொடர், நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோனது. கேப்டன் திரவியம் என்ற கப்பல்காரர் கடலடியில் கிடக்கும் ஏழு நங்கூரங்களைத் தேடிப் போவார். ஏழும் கிடைத்தால்தான் அவருடைய அப்பாவின் கப்பல் மூழ்கிய இடம் தெரியும். பெண்பிள்ளை சும்மா போய் சலூன் பெஞ்சில் உட்கார முடியாதே. அதனால் பெரியம்மா மகன் குட்டிக்கு முடிவெட்ட வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். ஒரு இதழுக்கு ஒரு கிராப். விடுமுறை முடிவதற்குள் அவன் தலையில் வெட்ட ஒன்றும் மிச்சமில்லை. “ஏளா, பிள்ளைக்கு எதும் நேர்த்திக்கடனா?” என்று தெருவே விசாரித்தது.

பதினோராம் இதழின் கடைசிக் கட்டத்தில் எவனோ ஒரு பாவி கயிற்றை அறுத்துவிட, ஆறு நங்கூரங்களைக் கண்டுபிடித்த கேப்டன் தலைகுப்புறக் கடலில் விழுகிறார். கீழே ‘தொடரும்’. பன்னிரண்டாம் இதழ் அந்தக் கட்டில் இல்லை. கடைகளிலும் இல்லை. அதை அச்சடித்த கையோடு நடத்தியவர்கள் கடையை மூடிவிட்டார்கள் என்றும், பாதிக் கட்டுகள் ஊர்களுக்குப் போய்ச் சேரவேயில்லை என்றும் பிற்பாடுதான் தெரிந்தது. நான் பத்தாவது எழுதினேன். கல்லூரி முடித்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கேப்டன் மட்டும் இன்னும் விழுந்துகொண்டே இருந்தார்.

அப்போதுதான் வாட்ஸப்பில் பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்களின் குழு ஒன்றில் நுழைந்தேன். அது தனி உலகம். அங்கே புத்தகத்துக்குக் கதை முக்கியமில்லை, உடம்புதான் முக்கியம். பத்துக்கு மார்க் போடுவார்கள். பத்து என்றால் அச்சிலிருந்து நேரே இறங்கிய புத்தகம், மனிதக் கையே படாதது. ஒன்று என்றால் எலி தின்றது போக மீதி. முதுகு நேராக இருக்கிறதா, மூலை கூராக இருக்கிறதா, தாள் வெளுப்பா பழுப்பா, நடுவில் அடித்த பின் துருப்பிடித்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். அரை மார்க்குக்காக, பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி அடித்துக்கொள்வது போல அடித்துக்கொள்வார்கள்.

நானும் ஒரு லென்ஸ் வாங்கினேன். கையில் லென்ஸ் இருப்பவளுக்கு உலகமே இதழ்தானே. தோசைக்கு மார்க் போட்டேன். (“ஓரம் கருகல், நடுவுல மடிப்பு, ஆறரை.”) அப்பாவின் புதுச் செருப்புக்குப் போட்டேன். தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளை போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மூலையெல்லாம் கூரா இருக்கு. ஓரத்துல லேசாப் பழுப்பு. ஏழு குடுக்கலாம்” என்றேன்.

“போட்டோவுக்கா, மாப்பிள்ளைக்கா?” என்றாள் அம்மா.

“ரெண்டுக்கும்.”

“ஒனக்கு எவன் எத்தன மார்க் போடுதான்னு நான் உசுரோட இருந்து பாக்கத்தான் போறேன்.”

இந்த நிலையில்தான் ‘ஏழாம் நங்கூர’த்தின் முதல் இதழ் எனக்குக் கிடைத்தது. ஏரலில் முன்பு பத்திரிகை ஏஜென்சி எடுத்திருந்த ஒருவர் வீட்டுப் பரணில், டேபிள் ஃபேன் பெட்டிக்குள் ஃபேன் ஆடாமல் இருக்க விற்காத இதழ்களைத் திணித்து வைத்திருந்தார்கள். வெளிப்பக்கம் இருந்தவை பூச்சி அரித்துப் போயிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் அப்படியே, நேற்று வந்த மாதிரி. ஒரு பெட்டி மக்ரூன் கொடுத்து அதை வாங்கினேன். எல்லாவற்றையும் விடப் பெரிய அதிசயம், அதோடு தந்த இலவச இணைப்பு உள்ளேயே இருந்தது. கெட்டி அட்டையில் அச்சடித்த ஒரு நங்கூரம். ‘வெட்டி எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று போட்டிருந்தது. எந்தப் பையனும் வெட்டவில்லை. வெட்டாத நங்கூரத்தோடு ஒரு முதல் இதழ்! ஒன்பது போட்டேன்.

குழுவில் படம் போட்ட அன்றே ஒரு போன் வந்தது. காயல்பட்டினத்து ஜமால் காக்கா. (அண்ணனை அங்கே காக்கா என்பார்கள்.) பாதி வருஷம் துபாயில் வியாபாரம், மீதி வருஷம் ஊரில் காமிக்ஸ். குழுவில் அவர் ஒரு மார்க் சொன்னால் அப்புறம் அப்பீல் கிடையாது.

“பன்னெண்டாம் நம்பரு எங்கிட்ட ரெண்டு இருக்கும்மா” என்றார், ஏதோ வீட்டில் இரண்டு சட்னி இருக்கிறது என்பது போல. “அடுத்த மாசம் ஊருக்கு வாரேன். ஒங்க ஒண்ணாம் நம்பரத் தாங்க, நான் ஒண்ணு தாரேன். ஆனா எட்டரைக்குக் கீழ இருந்தா பேச்சே கெடையாது.”

பக்கத்து ஊர்! பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போடக்கூட நேரமில்லாத தூரம்!

“காக்கா, கடைசில என்ன ஆவுது? ஏழாவது நங்கூரம் எங்கன கெடக்கு?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“படிக்கலியா?”

“படிக்கதா? பட்டையே பிரிக்கலம்மா!”

அந்தக் கடைசி இதழை ஒரு காகிதப் பட்டை சுற்றி ஒட்டித்தான் அனுப்பினார்களாம். பட்டையைக் கிழிக்காமல் புத்தகத்தைத் திறக்க முடியாது. கிழித்தால் ஒரு மார்க் போச்சு. சின்னப் பையனாக அவரும் பதினொன்றோடு நின்றவர்தான். பெரியவராகி, சம்பாதித்து, தேடிப் பிடித்து, ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, இரண்டையும் திறக்காமல் வைத்திருக்கிறார்! எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. என் கைக்கு வந்தால் பஸ் ஸ்டாண்ட் போகும் வரைகூடத் தாங்காது, அவர் வாசலிலேயே கிழித்துவிடுவேன் என்று முடிவு செய்தேன்.

இப்போது ஒரே ஒரு வேலைதான் பாக்கி. காக்கா வரும்வரை ஒன்பதை ஒன்பதாகவே வைத்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சுவர் வேர்த்தது, தலையணை வேர்த்தது. தினம் காலையில் பீரோவைத் திறந்து, புத்தகத்தின் இரண்டு பின்களையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. ஒருநாள் ஒரு பின்னில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. (அது என் மூக்குப்பொடிக் கலர் நெயில் பாலிஷ் என்று பிறகு தெரிந்தது.) அன்றைக்கு எனக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை.

அப்போதுதான் கண்ணில் பட்டது அந்தப் பை. எங்கள் கோடவுனில் காய்ந்த பூ, அவுரி இலை எல்லாம் கண்டெய்னரில் ஏற்றுவார்கள். கப்பலில் போகும்போது உள்ளே ஈரம் கோத்துவிடாமல் இருக்க, கண்டெய்னர் சுவரில் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவார்கள். நாற்பதடிக் கண்டெய்னரையே கடல் தாண்டிக் காப்பாற்றுகிற பை! என் பீரோ எம்மாத்திரம்? கோடவுன் சூப்பர்வைசர் முருகண்ணனிடம் ஒன்று கேட்டேன்.

“எதுக்கு? ஒங்க வீட்டயே ஏத்துமதி பண்ணப் போறியளா?” என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

பையின் மேல் எப்படிப் பயன்படுத்துவது என்று வரிசையாகப் படம் போட்டிருந்தது. கட்டம் கட்டமாக. நான் பார்க்கவில்லை. படம் போட்டு விளக்குவதெல்லாம் எழுத்து தெரியாதவர்களுக்கு என்று நினைத்துவிட்டேன். (இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது. வாழ்க்கையில் நான் படிக்காமல் விட்ட ஒரே காமிக்ஸ் அதுதான்.) படித்திருந்தால் தொங்கவிடு, வெட்டாதே, சரக்கின் மேல் வைக்காதே என்று மூன்று கட்டத்தில் கதை முடிந்திருக்கும். நானோ, மேலுறையைப் பிரிக்காமல் எப்படி உறிஞ்சும் என்று யோசித்து, ஒரு பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்தேன், காற்றாடட்டும் என்று. பழைய புத்தகத்தின்மேல் கனம் வைத்தால் முதுகு நேராகும் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்க நினைத்து, பையைப் புத்தகத்தின் மேலேயே படுக்க வைத்தேன். பீரோவைப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்து, காக்கா வரும்வரை நானே கேட்டாலும் தரக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அம்மா என்னைத் தவிர எல்லோரிடமும் சொன்ன சொல் காப்பாற்றுகிறவள். அந்தத் தடவை என்னிடமும் காப்பாற்றிவிட்டாள்.

காக்கா வரச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் பீரோவைத் திறந்தேன். பை சூம்பிப் போயிருந்தது. அதிலிருந்ததெல்லாம் தண்ணீராகி, புத்தகத்தின் மேல் இறங்கி, கேப்டன் திரவியம் ரசவடை மாதிரி ஊறிக் கிடந்தார்.

“மழ வெளியிலதான பெஞ்சிச்சு. பீரோவுக்குள்ள எப்படிளா பெஞ்சிது?” என்றாள் அம்மா.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று அம்மா சொல்கிறாள். கண் வேர்த்தது என்பது என் கட்சி. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்தாள், புத்தகத்தை அதில் பொதிந்தாள், பக்கம் பக்கமாக அயர்ன் பாக்ஸ் போட்டுத் தேய்த்தாள். ஆச்சரியம்! ஈரம் போனது. பக்கங்கள் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்து நின்றன. பின்னில் துருவில்லை, நிறம் போகவில்லை, அட்டை நங்கூரம்கூட நிமிர்ந்து நின்றது. மேலட்டையில் லேசாக ஓர் அலை, அவ்வளவுதான். நான் லென்ஸை எடுத்து, பெற்ற தாயின் பாரபட்சத்தோடு பார்த்துவிட்டு எட்டரை போட்டேன்.

நனைந்ததைக் காக்காவிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்பீர்கள். சொல்வதாகத்தான் இருந்தேன். பன்னிரண்டாம் இதழைப் படித்து முடித்த பிறகு.

திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஆறுமுகநேரி உப்பளக் காற்று முகத்தில் அடித்தது. மடியில் பை, பைக்குள் உறை, உறைக்குள் கேப்டன். எனக்கு ஒரே சந்தோஷம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் விழுந்து முடித்துவிடுவார்.

காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். ஆகவே காக்காவின் சேகரிப்பு முழுவதும் இருப்பது அவர் மனைவி ஆமினா லாத்தாவின் வீட்டில். (அக்காவை அங்கே லாத்தா என்பார்கள்.) லாத்தா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். “பொஸ்தகப் பிள்ள வந்தாச்சா? நீயாவது படிப்பியாம்மா? இல்ல, இவஹள மாதிரி மோந்து பாக்கதோட சரியா?”

காக்கா சிரிக்கவில்லை. முன்கூடத்தில் மேஜையின் மேல் வெள்ளைத் துணி விரித்து, லென்ஸ், இடுக்கி, விளக்கு எல்லாம் ஆபரேஷனுக்கு அடுக்குவது போல அடுக்கியிருந்தார். மேஜையின் மறுபக்கம், பட்டை பிரிக்காத பன்னிரண்டாம் இதழ். நான் மாற்றிக்கொண்டு போகவேண்டிய பிரதி. உறையிலிருந்து எடுத்து எனக்குக் காட்டவே வைத்திருந்தார். அதற்கும் எனக்கும் ஒரு முழம் தூரம்.

என் புத்தகத்தை எடுத்தார். திருப்பினார். “முதுகு நல்லா இருக்கு. பின்னு சுத்தம். மேலட்டையில அலை இருக்கே... சரி, எட்டரை.”

“மாத்திக்கலாமா காக்கா?”

“இருமா. உள்ள பாக்கணும்ல.”

முதல் பக்கம் புரட்டினார். கையைப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். “எனக்குக் கை வேர்க்குது போல. சரி, எட்டு.” மூன்றாம் பக்கத்தில், “என்ன இது, தாளு தொவளுது? ஏழரை.” நடுப்பக்கத்துக்கு வந்தபோது புத்தகம் அவர் கையில் நனைந்த வாழையிலை மாதிரித் தொங்கியது. “ஏழு... ஆறு...” ஏலம் தலைகீழாகப் போவதை நான் அன்றுதான் பார்த்தேன். மேலட்டையில், கேப்டன் திரவியத்தின் நெற்றியில் முத்து முத்தாகத் தண்ணீர் பூத்தது.

“சுப்ஹானல்லாஹ்” என்றார் காக்கா. “ஆளுக்கு வேர்க்குது!”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உண்மை வந்துவிடும்.

ஆனால் காக்கா கோபப்படவில்லை. அதுதான் நான் எதிர்பார்க்காதது. கண் பளபளவென்று ஆகிவிட்டது அவருக்கு. “கூடத்துல கடக்காத்து வருதும்மா. ஏசி ரூமுக்குக் கொண்டுபோய்ப் பாப்பமா?” என்றார்.

உள்ளே போனோம். லாத்தா தம்மடையும் சாயாவும் கொண்டுவந்தார். (தம்மடை என்பது ரவையும் முட்டையும் போட்டுச் செய்கிற இனிப்பு. பத்துக்குப் பத்து.) நாங்கள் அதைத் தின்றபடி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாகக் கேப்டனின் நெற்றி காய்ந்தது. தாள் விறைத்தது. “ஆறரை... ஏழு... ஏளா, ஏறுதும்மா!” என்று காக்கா மரியாதை மறந்து தொடையில் தட்டினார்.

“கூடத்துல வச்சா திரும்ப எறங்குமா காக்கா?”

“பாத்துருவோம்!”

இரண்டு பேருமே எதற்காகக் கூடினோம் என்பதை மறந்துவிட்டோம். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். வெள்ளைத் துணியின்மேல் வைத்தேன். அது வேர்க்கத் தொடங்கியது. மறுபடி ஏசி அறைக்கு ஓட வேண்டும். அந்த அவசரத்தில், மேஜையில் கிடந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வாரி எடுத்தேன். கீழே என் புத்தகம். மேலே அவருடைய பன்னிரண்டு. இதை நான் செய்ததே எனக்குத் தெரியாது.

ஏசி அறையில் வாரியதைக் கீழே வைத்துவிட்டு விரலைப் பார்த்தேன். பிசுபிசுத்தது. என்னதான் இது என்று நக்கிப் பார்த்தேன். உப்பு. உப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு. அந்த நொடியில் என் மண்டைக்குள் கல்லூரி ஆய்வுக்கூடத்து ட்யூப்லைட் எரிந்தது. கால்சியம் குளோரைடு! காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து, அந்த ஈரத்திலேயே தானும் கரைந்து, கரைந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கிற உப்பு. பரீட்சையில் அரைப் பக்கம் எழுதி முழு மார்க் வாங்கிய கேள்வி அது. அம்மா தேய்த்ததில் போனது தண்ணீர்தான். உப்பு அத்தனையும் தாளுக்குள்ளேயே இருந்தது. இனி இந்தப் புத்தகம் காயவே காயாது. தூத்துக்குடி இருக்கும்வரை இதற்கு வேர்க்கும்.

பையிலிருந்து பீரோ வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு புத்தகத்தின் ஓரத்தை விரலால் தொட்டு, அவரும் நக்கிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து லாத்தா உள்ளே வந்தார். “ரெண்டு பேரும் ஏன் பொஸ்தகத்த நக்குதீங்க? தம்மடை நல்லா இல்லையா?”

“உப்பும்மா, உப்பு!” என்று சொல்லிக்கொண்டே காக்கா பன்னிரண்டாம் இதழை எடுக்கப் போனார். அது என் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே இருந்த கேப்டனின் வேர்வையை முழுவதும் அந்தக் காகிதப் பட்டை குடித்திருந்தது. காக்கா மெல்ல, மிக மெல்ல, இழுத்தார்.

பட்டை கிழிந்தது.

சத்தம்கூட வரவில்லை. நனைந்த காகிதம் கிழியும்போது சத்தம் வராது. காக்காவின் முகத்தில் ரத்தம் இறங்கிப் போனதைப் பார்த்தேன். எத்தனையோ வருஷம், எத்தனையோ விமானம், எத்தனையோ வீடு மாறியும் பிரியாத பட்டை. நான் கால்சியம் குளோரைடாகக் கரைந்துவிட விரும்பினேன். “காக்கா...” என்றேன்.

பேசியது லாத்தாதான். “பிரிஞ்சிட்டுல்ல? இனி என்ன. பக்கம் ஒட்டிக்கிறதுக்கு முன்னாடிப் படிங்க. நானும் பதினொண்ணு வரைக்கும் படிச்சவதான். எங்க கூடப்பொறந்த காக்கா வாங்கி வருவாக. யாருமே எங்கிட்டக் கேக்கலியே!”

காக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் இத்தனை காலமாகக் குடியிருக்கிற மனிதருக்கு அது புதுச் செய்தி.

மூன்று தலைகளும் ஒரு புத்தகத்தின்மேல் குனிந்தன. கேப்டன் தண்ணீரில் விழுந்தார். அப்பாடா! ஒரு திருக்கை மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். கயிற்றை அறுத்தவன் அவருடைய சமையல்காரன். (“நான் அப்பவே நெனச்சேன்” என்றார் லாத்தா.) பக்கங்கள் ஓடின. கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். பின்னட்டையின் உட்பக்கத்தில் ஒரு கடல் வரைபடம். கீழே இப்படிப் போட்டிருந்தது: ‘வாசகர்களே, முதல் இதழோடு நாம் தந்த அட்டை நங்கூரத்தை இந்த வரைபடத்தின் அடிக்கோட்டில் நிறுத்துங்கள். அதன் வளையத்தின் துளை காட்டும் இடத்தில்தான் ஏழாவது நங்கூரம்!’

நாங்கள் மூவரும் மெதுவாக என் புத்தகத்தின் பக்கம் திரும்பினோம்.

காக்கா பன்னிரண்டைத் திறக்கவில்லை. நான் ஒன்றாம் இதழின் நங்கூரத்தை வெட்டவில்லை. எல்லா இதழையும் பத்துக்கு ஒன்பதாக வைத்திருந்த ஒருவருக்கு இந்தக் கதை முடியவே முடிந்திருக்காது.

“வெட்டிரவா?” என்றேன்.

“இதுக்கு மேல என்ன மார்க் கொறையப் போவுது?” என்று காக்கா கத்தரிக்கோலை நீட்டினார்.

வெட்டினேன். அடிக்கோட்டில் நிறுத்தினேன். துளை ஒரு கலங்கரை விளக்கத்தின் மேல் உட்கார்ந்தது. “லைட் ஹவுஸ்!” என்று காக்கா கூவினார். லாத்தாவுக்குச் சந்தேகம். இருட்டாக இருக்கிறது, கூடத்து வெளிச்சத்தில் பார்க்கலாம் என்றார். கூடத்துக்குப் போனோம். கொஞ்ச நேரத்தில் அட்டைக்கு வேர்த்தது. ஈரத்தில் அட்டை நீளும் அல்லவா? எங்கள் கண் முன்னால் துளை நகர்ந்து நகர்ந்து, நகக்கண் அளவு மேலேறி, கலங்கரை விளக்கத்துக்கு மேலே நின்றிருந்த கேப்டனின் சொந்தக் கப்பலில் போய் நின்றது.

“அப்ப அவரு கப்பல்லயே இருந்துருக்கா?” என்றார் லாத்தா.

“இல்ல, லைட் ஹவுஸ்தான்” என்றார் காக்கா. “அச்சடிக்கும்போது அட்டை காஞ்சிதான இருந்துருக்கும்?”

“எந்த ஊருல அச்சடிச்சாவ? அந்த ஊருல ஈரம் எவ்வளவு?” என்றேன் நான். கேட்ட உடனேயே, இது இன்றைக்கு முடியாது என்று மூவருக்கும் புரிந்துவிட்டது.

அன்றைய பேரம் எப்படி முடிந்தது என்று சொல்ல வேண்டும். கெட்டுப்போன ஒன்றும் கெட்டுப்போன பன்னிரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றார் காக்கா. இந்த வேர்க்கிற புத்தகத்தைத் தன் வீட்டில் வைக்கக்கூடாது என்றார் லாத்தா. வீடு அவருடையது. ஆகவே இரண்டும் என் மடியில் ஏறி, அதே பஸ்ஸில் தூத்துக்குடிக்கு வந்தன. காக்கா தன்னிடமிருந்த இன்னொரு பன்னிரண்டைப் பட்டை பிரிக்காமலே வைத்திருக்கிறார். நான் போனால் மேஜைக்கு அந்தப் பக்கம் என்னை விடுவதில்லை.

குழுவில் விஷயத்தை அவரேதான் போட்டார். அதிலிருந்து பத்து மார்க் பட்டியலுக்கு அடியில் புதிதாக ஒரு தரம் சேர்ந்திருக்கிறது. நனைந்த, ஊறிய, பாசி பிடித்த புத்தகத்தை யாராவது விற்பனைக்குப் போட்டால், “அண்ணாச்சி, இது செல்வராணி கண்டிஷன்” என்று எழுதுகிறார்கள். செல்வராணி நான்தான். அந்தப் பழுப்பு ஓர மாப்பிள்ளை வீட்டார் எப்படியோ இதைக் கேள்விப்பட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். (ஏழுக்கு மேல் கொடுத்திருக்கக்கூடாது.)

வரைபடம் இருந்த பின்னட்டையையும் நங்கூரத்தையும் அம்மா ஒரு அட்டையில் குத்தி, மாடிப்படிக்குப் போகிற வழியில் மாட்டிவிட்டாள். நான் கலை ஆர்வம் என்று நினைத்தேன். இரண்டு நாளில் புரிந்தது. காற்றில் ஈரம் ஏறினால் துளை கப்பலுக்கு நகரும், வெயில் உறைத்தால் கலங்கரை விளக்கத்துக்கு இறங்கும். அதைப் பார்த்துதான் எங்கள் வீட்டில் இப்போது வடகம் காய்கிறது. பக்கத்து வீட்டு மாமியும் வந்து பார்த்துவிட்டுத்தான் மிளகாய் காயப் போடுகிறாள். ஊரில் இருக்கும்போதெல்லாம் காக்கா போன் செய்து முதலில் கேட்பதும் அதுதான். “இன்னைக்கு எங்கம்மா இருக்கு?” கலங்கரை விளக்கம் என்றால் ஜெயித்த குரலில் சலாம் சொல்லி வைத்துவிடுவார். கப்பல் என்றால் போனை லாத்தா வாங்கிக்கொள்வார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து அம்மாவின் சத்தம் கேட்கிறது.

“ஏளா! ஏழாவது நங்கூரம் எங்கன கெடக்கு?”

எட்டிப் பார்த்தேன். “கப்பல்லம்மா!”

“அப்ப ஓடியா, துணிய எடுக்கணும்!”